டான்சில் ஆபரேஷனுக்குப் பின் வீட்டில் குழந்தையின் வலியைக் கையாள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

‘தொண்டைச் சதை ஆபரேஷன்’ முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் குழந்தை பெரும்பாலும் நல்ல முகத்துடனேயே இருக்கும். அறுவை அரங்கில் கொடுத்த வலி மருந்து இன்னும் உடலில் இருப்பதே அதற்குக் காரணம். குழந்தைகள் வார்டில் டிஸ்சார்ஜ் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வரும் செவிலியர் நான். பெற்றோரிடமிருந்து எனக்குத் தொலைபேசி வருவது முதல் நாளில் அல்ல, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள்தான். “நேற்று வரை நன்றாக இருந்தான் சிஸ்டர், இன்றைக்கு எச்சில்கூட விழுங்க மாட்டேன் என்கிறான்” என்பதே அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம். கேட்டுப் பார்த்தால், இரண்டாம் நாளிலேயே மருந்தை நிறுத்தியிருப்பார்கள், அல்லது குழந்தை அழுதால் மட்டும் கொடுத்திருப்பார்கள்.

டான்சிலையும், அதனுடன் சேர்த்து எடுக்கப்படும் மூக்குச் சதையான அடினாய்டையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே தந்துள்ள மருந்தளவுகள் மற்றபடி ஆரோக்கியமாக உள்ள குழந்தைக்கு வழக்கமாகப் பின்பற்றப்படுபவை. உங்கள் மருத்துவர் வேறு அளவை எழுதியிருந்தால் அதுவே முடிவானது. சிறுநீரகம், கல்லீரல், ஆஸ்துமா, இரத்தம் உறைவதில் குறை ஆகியவற்றில் எது இருந்தாலும் அதை முன்பே சொல்லி, அதற்கேற்ற மருந்தை எழுதி வாங்குங்கள். நேரமில்லாதவர்கள் ஒன்பதாம் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

1. ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டியவை

ஊசி இல்லாத 5 மில்லி, 10 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சு இரண்டிரண்டு வாங்கி வையுங்கள். சமையலறை ஸ்பூன்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு தாய் கொண்டு வந்த எவர்சில்வர் ஸ்பூனில் தண்ணீரை நிரப்பி, சிரிஞ்சில் உறிஞ்சிக் காட்டினேன். மூன்று மில்லியைச் சற்றுத் தாண்டியது. “ஒரு ஸ்பூன் என்றால் ஐந்து மில்லி என்றுதானே நினைத்தேன்” என்றார். அவர் மகள் இரண்டு நாட்களாகப் பாதி மருந்தை விடச் சற்று அதிகமாக மட்டுமே பெற்று வந்திருந்தாள்.

டிஜிட்டல் வெப்பமானி, ஒரு நோட்டு, பேனா, அலாரம் வைக்கும் கைபேசி ஆகியவை வேண்டும். ஆபரேஷனுக்கு முன் மருத்துவமனைத் தராசில் எடுத்த குழந்தையின் எடையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். குழந்தைக்கு மருந்தளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்தே கணக்கிடப்படுகிறது; ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு குழந்தைகளுக்கு இடையே ஐந்தாறு கிலோ வேறுபாடு இருப்பது சாதாரணம்.

வீட்டில் மருந்து கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டியும் கொடுத்துவிடுவது நான் அடிக்கடி கேட்கும் தவறு.

2. டிஸ்சார்ஜ் மேசையை விட்டு எழுவதற்கு முன்

சீட்டில் உள்ள மருந்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். எத்தனை மி.கி., அது இந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை, கடைசியாக வார்டில் எந்த மணிக்குக் கொடுக்கப்பட்டது என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான்காவதை யாரும் கேட்பதில்லை. அது தெரியாவிட்டால் வீட்டில் முதல் வேளையை முன்கூட்டியே கொடுத்துவிடவோ, பயந்துகொண்டு தள்ளிப்போடவோ நேரும்.

வழக்கமாகக் கொடுக்கப்படுபவை இரண்டு மருந்துகள். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேற்படாமல். இபுபுரூஃபன் மருத்துவர் எழுதியிருந்தால் கிலோவுக்கு 10 மி.கி. வீதம், உணவுக்குப் பின், நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு. இவை வெவ்வேறு வழியில் வேலை செய்வதால் ஒரே நாளில் இரண்டையும் கொடுக்கலாம்; சேர்ந்து கொடுக்கும்போது வலி கூடுதலாகக் கட்டுப்படும்.

16 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். பாரசிட்டமால் 240 மி.கி. தேவை. ஐந்து மில்லிக்கு 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 10 மில்லி. ஐந்து மில்லிக்கு 250 மி.கி. உள்ள சிரப்பில் அதுவே 4.8 மில்லி. ஒரு மில்லிக்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் வெறும் 2.4 மில்லி. மூன்றும் ஒரே கடையில், ஏறக்குறைய ஒரே மாதிரியான பெட்டிகளில் கிடைப்பவை. பாட்டில் தீர்ந்து, புதிதாக வாங்கும்போது கடைக்காரர் வேறு செறிவைக் கொடுத்துவிட்டால், பழைய 10 மில்லியையே ஊற்றும் தாய் தன்னை அறியாமல் இரு மடங்கு கொடுத்துவிடுவார். சொட்டு மருந்தானால் நான்கு மடங்குக்கும் மேல். ஆகவே ஒவ்வொரு புதிய பாட்டிலிலும் ‘ஐந்து மில்லியில் எத்தனை மி.கி.’ என்ற வரியைப் படித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

கால்பால், குரோசின், டோலோ ஆகிய பெயர்களில் வரும் வழக்கமான காய்ச்சல் சிரப்புகள் மூன்றிலும் இருப்பது பாரசிட்டமால்தான். வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு மற்றொன்று என்று இரண்டைக் கொடுத்தால் ஒரே மருந்து இரட்டிப்பாகி கல்லீரலைப் பாதிக்கும். இபுபுரூஃபனையும் பாரசிட்டமாலையும் ஒன்றாகக் கலந்த சிரப்புகளும் நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. அத்தகைய சிரப்பை எழுதித் தந்திருந்தால், தனி பாரசிட்டமால் பாட்டிலை அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். மெஃபனமிக் அமிலம் இபுபுரூஃபனின் வகையைச் சேர்ந்தது. அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

3. அழுகையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தல்

வாய்வழி மருந்து வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வலி முற்றிய பிறகு கொடுத்தால், அந்த ஒரு மணி நேரமும் குழந்தை விழுங்க மறுக்கும், அந்த மருந்தையே துப்பவும் செய்யும். முந்தைய வேளையின் பலன் தீரும் தறுவாயில் அடுத்த வேளை உள்ளே போய்விட்டால் இந்தப் போராட்டமே எழாது. எனவே முதல் ஏழு நாட்களுக்காவது, குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும், நேரம் வந்தால் மருந்து கொடுக்க வேண்டும்.

நான் பெற்றோருக்கு எழுதித் தரும் அட்டவணை எளிமையானது. பாரசிட்டமால்: காலை 7, பகல் 1, மாலை 7, நள்ளிரவு 1. இபுபுரூஃபன்: காலை 8, பகல் 2, இரவு 8. பாரசிட்டமால் கொடுத்து அரை மணிக்குப் பின் தொண்டை சற்று இளகும். அந்த நேரத்தில் உணவு. உணவு உள்ளே போன பிறகு இபுபுரூஃபன். வெறும் வயிற்றில் இபுபுரூஃபன் எரிச்சல் தரும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையும் உண்டு. ஆனால் தூக்கம் கெட்ட பெற்றோர் அதில் எது எப்போது என்று குழம்புவதைப் பலமுறை பார்த்துவிட்டதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நள்ளிரவு வேளையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தூங்கும் குழந்தையை எழுப்ப மனம் வராது, அது இயல்பே. ஆனால் மாலை 7 மணிக்குக் கொடுத்த மருந்து காலை வரை தாங்காது. இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டு வறண்டுபோன தொண்டையுடன், மருந்தின் ஆதரவும் இன்றிக் குழந்தை கண் விழிக்கும்போது அன்றைய நாள் முழுவதும் கெட்டுவிடுகிறது. முதல் ஏழு இரவுகளுக்காவது அலாரம் வைத்து எழுப்பி, உட்கார வைத்து மருந்து கொடுங்கள். எழுப்பினால் குழந்தை வழக்கம்போல் எழுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அது ஒரு வாய்ப்பு.

கொடுத்தவுடன் நோட்டில் மணியையும் அளவையும் எழுதுங்கள். ‘பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்ட வேளைதான் மறுபடியும் கொடுக்கப்படும்.

4. மருந்தை உள்ளே இறக்குதல்

குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உள்பக்கமாக வைத்து, ஒரு மில்லி இரண்டு மில்லியாக விடுங்கள். நேராகத் தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புண் மீது பட்டு எரியும், புரையேறவும் கூடும். மூக்கைப் பிடித்து ஊற்றுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

மருந்துக்கு முன் இரண்டு வாய் குளிர்ந்த நீர் கொடுத்தால் தொண்டை சற்று மரத்துப்போகும். பால் டம்ளரில் கலந்து கொடுக்காதீர்கள். பாதி டம்ளரில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், எத்தனை மி.கி. உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

பாரசிட்டமால் கொடுத்து அரை மணிக்குள் முழுவதையும் வாந்தி எடுத்துவிட்டால் அதே வேளையை ஒரே ஒரு முறை மீண்டும் கொடுக்கலாம். அதற்குப் பிறகான வாந்தி என்றால் அடுத்த நேரம் வரை காத்திருங்கள். வாந்தி தொடர்ந்தால் வார்டுக்குத் தொலைபேசி செய்யுங்கள். ஆசனவாய் வழியாக வைக்கும் பாரசிட்டமாலும் உண்டு. அதை மருத்துவர் சொன்ன பிறகே வைக்க வேண்டும், நாளின் நான்கு வேளைக் கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

“மருந்து குடிக்கவில்லை என்றால் ஊசி போடச் சொல்லுவேன்” என்று மிரட்டுவதால் வரும் கேடு பெரிது. அந்தக் குழந்தை அடுத்த நாளிலிருந்து வலியையே மறைக்கத் தொடங்கும். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் தலையை ஆட்டி “வலிக்கவே இல்லை” என்றான். ஆனால் ஊறிய எச்சிலை விழுங்காமல், சட்டைக் காலரால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான்.

5. தண்ணீரும் உணவும்

இந்த ஆபரேஷனைப் பொறுத்தவரை தண்ணீரும் வலி மருந்துதான். வலியால் குடிக்க மறுத்தால் தொண்டை காயும். காய்ந்தால் வலி கூடும். வலி கூடினால் இன்னும் குடிக்காது. அதோடு, உடலில் நீர் குறைந்த குழந்தைக்கு இபுபுரூஃபன் கொடுப்பது சிறுநீரகத்துக்குக் கெடுதல். எனவே குடிப்பது குறைந்தால் இபுபுரூஃபனை நிறுத்திவிட்டு வார்டைக் கேளுங்கள்.

16 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1300 மில்லி நீராகாரம் தேவை. இதைக் கேட்டதும் பெற்றோர் மலைத்துப்போகிறார்கள். சிரப்புடன் வரும் சின்ன மூடிக் கப்பில் 30 மில்லி, விழித்திருக்கும்போது கால் மணிக்கு ஒரு முறை என்று கொடுத்துப் பாருங்கள். பதினோரு மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். பெரிய டம்ளரை நீட்டினால் மறுக்கும் குழந்தை, சின்ன மூடியை வாங்கிக்கொள்ளும். குடித்த ஒவ்வொரு மூடிக்கும் நோட்டில் ஒரு கோடு போடச் சொன்னால், சில குழந்தைகள் கோடு போடுவதற்காகவே குடிப்பார்கள்.

இளநீர், நீர்மோர், அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பால், ஐஸ்கிரீம் எதுவும் நல்லதே. ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசிச் சாறுகள் புண்ணில் எரியும். ரோஸ் மில்க், மாதுளை, பீட்ரூட் போன்ற சிவப்பு நிறப் பானங்களை இரண்டு வாரங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தடுமாற வேண்டியிருக்காது.

ஐஸ்கிரீமை மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதில்லை. பாலில் ஊறிய இட்லி, குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், வாழைப்பழம் என்று எது விழுங்க முடிகிறதோ அதைக் கொடுக்கலாம். மென்று விழுங்கும்போது தாடையின் இறுக்கமும் தளரும். முறுக்கு, சிப்ஸ், முறுகலான தோசை ஓரம், காரம், ஆவி பறக்கும் சூடு ஆகியவை வேண்டாம். முதல் சில நாட்களில் திட உணவு குறைந்தால் கவலைப்பட வேண்டாம். நீராகாரம் குறைந்தால் கவலைப்படுங்கள்.

6. வலியைக் கேட்டும் பார்த்தும் அளத்தல்

“வலிக்கலைதானே கண்ணு?” என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும், அம்மா எதிர்பார்க்கும் பதிலைக் குழந்தை அறியும். “எங்கே வலிக்குது, காட்டு” என்று கேளுங்கள். ஐந்தாறு வயதைத் தாண்டியவர்களிடம் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்து காட்டி, எது உன் தொண்டை என்று கேட்கலாம்.

வாயால் சொல்லாத குழந்தைகளை நடத்தையால் அறியலாம். இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, பெற்றோரே நிரப்புவதற்கென்று உருவாக்கப்பட்ட பதினைந்து கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று மருத்துவத்தில் பயன்பாட்டில் உள்ளது. வழக்கத்தை விட அதிகமாகச் சிணுங்குகிறதா, எளிதில் அழுகிறதா, விளையாட்டைக் குறைத்துவிட்டதா, அமைதியாகிவிட்டதா, குறைவாகச் சாப்பிடுகிறதா, வலிக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா, முனகுகிறதா, உங்களை விட்டு நகர மறுக்கிறதா, வழக்கமாக மறுக்கும் மருந்தை மறுக்காமல் வாங்கிக்கொள்கிறதா என்பன போன்றவை அந்தக் கேள்விகள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு ‘ஆம்’ என்றால் கவனிக்க வேண்டிய அளவுக்கு வலி இருக்கிறது என்று பொருள்.

இவற்றில் ‘அமைதியாகிவிட்டதா’ என்பதை வீட்டார் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். துறுதுறுவென்று இருந்த பிள்ளை மூலையில் படுத்துக் கிடப்பதைப் பார்த்து, “ஆபரேஷனுக்குப் பிறகு சமத்தாகிவிட்டான்” என்று மகிழ்பவர்களும் உண்டு.

மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரையிலான அந்த அரை மணிக்கு, மடியில் வைத்துக் கதை சொல்லுவதும் கைபேசியில் பிடித்த காணொளியைக் காட்டுவதும் நிஜமாகவே உதவுகின்றன. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கழுத்தின் முன்புறத்தில் பத்து நிமிடம் ஒற்றலாம்.

7. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை

வலி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். டான்சில் இருந்த குழியின் மேல் வெள்ளை அல்லது மஞ்சள் நிறப் பூச்சு படியும். இது சீழ் அல்ல. வாய்க்குள் ஈரத்தில் உருவாகும் பொருக்கு. அதைச் சுரண்டவோ விரலால் தொட்டு மஞ்சள் தடவவோ கூடாது, ஓங்கிக் கொப்பளிக்கவும் கூடாது. வாய் நாற்றமும் இதனால் வருவதே. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இந்தப் பொருக்கு உதிரும்போது வலி மறுபடி ஏறலாம்.

இந்த நாட்களில் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழும். தொண்டைக்கும் காதுக்கும் செல்லும் நரம்பு ஒன்றாக இருப்பதால் தொண்டை வலி காதில் தெரிகிறது. காதில் கோளாறு எதுவும் இல்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவது நம் வீடுகளில் வழக்கம். அதைச் செய்ய வேண்டாம். தொண்டைக்குக் கொடுக்கும் அதே மருந்து காதுக்கும் கேட்கும்.

8. கொடுக்கவே கூடாதவை

கோடீன், டிராமடால் ஆகிய கடும் வலி மருந்துகள் கலந்த எந்த மருந்தும், பெரியவர்களுக்கு எழுதிய இருமல் சிரப் உட்பட, கூடாது. கோடீன் கல்லீரலில் மார்ஃபினாக மாறுகிறது. சில குழந்தைகளின் உடல் பிறப்பிலேயே இந்த மாற்றத்தை மிக வேகமாகச் செய்வதால், சரியான அளவில் கொடுத்தாலும் மூச்சு அடங்கிப்போகும். டான்சில் ஆபரேஷனுக்குப் பின் இப்படிக் குழந்தைகள் இறந்ததையடுத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் கோடீனுக்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. 2017இல் டிராமடாலையும் அந்தக் கட்டுப்பாட்டில் சேர்த்தது. குறட்டைக்காகவும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததற்காகவும் ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதே காரணத்தால், தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துகளையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கப்பட்டு வந்த நிமெசுலைடு இந்தியாவில் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011இல் தடை செய்யப்பட்டது. பழைய பாட்டில் எதுவும் வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். ஆஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். குழந்தைகளுக்கு அரிதாக மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோயையும் வரவழைக்கும்.

9. உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

வாயிலோ மூக்கிலோ புது இரத்தம், எவ்வளவு சிறிதாக இருந்தாலும். முதல் 24 மணி நேரத்திலும், பிறகு பொருக்கு உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையிலும் இதற்கு வாய்ப்பு அதிகம். நின்றுவிட்டாலும் போய்க் காட்டுங்கள். சிறு கசிவு பெரிய கசிவுக்கு முன்னோடியாக இருக்கலாம். குழந்தையை உட்கார வைத்து, முன்னால் குனிந்து கிண்ணத்தில் துப்பச் செய்து, 108ஐ அழையுங்கள். மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. மீண்டும் மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

இரத்தம் வெளியே தெரியாமலும் இருக்கலாம். தூக்கத்தில் குழந்தை விழுங்கிக்கொண்டே இருந்தால் எழுப்பி, கைவிளக்கால் வாய்க்குள் பாருங்கள். காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலும், முகம் வெளுத்துப்போனாலும் தாமதிக்க வேண்டாம். எழுப்பினால் எழாமை, மூச்சுத் திணறல் இரண்டுக்கும் 108தான்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, கண்ணீரின்றி அழுதல், 101 டிகிரிக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், கழுத்தைத் திருப்ப முடியாத விறைப்பு, சரியான அளவில் நேரம் தவறாமல் கொடுத்தும் குறையாத வலி ஆகியவற்றுக்கு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பாரசிட்டமால் காய்ச்சலை மறைக்கும் என்பதால் அடுத்த வேளை கொடுப்பதற்குச் சற்று முன் வெப்பம் பார்ப்பது நல்லது. மருத்துவமனையிலிருந்து தொலைவில் உள்ள ஊர்க்காரர்கள் முதல் பத்து நாட்களுக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டில் தங்க முடியுமானால் தங்குங்கள்.

10. மருந்தைக் குறைப்பது

ஏழாம் நாளுக்குப் பின், குழந்தை இரண்டு நாட்கள் தொடர்ந்து நன்றாகக் குடித்து, ஆறாம் பகுதியில் உள்ள கேள்விகளில் மிகச் சிலவற்றுக்கு மட்டுமே ‘ஆம்’ வந்தால் குறைக்கத் தொடங்கலாம். முதலில் இபுபுரூஃபனை நிறுத்துங்கள். மறுநாள் நள்ளிரவு பாரசிட்டமாலை விட்டுப் பாருங்கள். காலையில் அழாமல் எழுந்தால் பகல் வேளையையும் விடலாம். தொண்டை மிகவும் காய்ந்திருப்பது விடியற்காலையில் என்பதால் காலை வேளையைக் கடைசி வரை வைத்திருங்கள். குறைத்த பிறகு குடிப்பது குறைந்தால் ஒரு படி பின்னால் போய் மீண்டும் நேரப்படி கொடுங்கள்.

பத்து நாட்களுக்குப் பின்னும் முழு அளவு தேவைப்பட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பள்ளிக்கும் ஓட்டம், நீச்சல் போன்றவற்றுக்கும் பொதுவாக இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். மறுபரிசோதனைக்கு வரும்போது நோட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். “எப்படி இருந்தது?” என்று மருத்துவர் கேட்கும்போது, எந்த நாள் இரவு எத்தனை மணிக்கு அழுதான், எத்தனை மூடி குடித்தான் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.